உம்மை தொக்க முழக்கம்

முழக்கம் என்பது மிகச் சிறிய இலக்கியம். கவிதைக்குரிய ஓசையும், பழமொழிக்குரிய சுருக்கமும், ஆணைக்குரிய விரைவும் அதனிடம் ஒருங்கே அமைந்துள்ளன. ஆயினும் திறனாய்வாளர் அதனைப் பொருட்படுத்துவது அரிது. தெருவில் பிறந்து தெருவிலேயே மடியும் சொல் என அதனை ஒதுக்கிவிடுதலே பெரும்பான்மை வழக்கம். இக்காலத்தில் அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. தெருவில் எழும் முழக்கம் இன்று இணையத்தில் ஏறி, ஒரே நாளில் உலகைச் சுற்றி வருகின்றது. மாணாக்கர் பாடநூலைத் திறப்பதற்கு முன்னரே கைப்பேசியில் அதனைப் படித்து, ஒரு பக்கம் சார்ந்தும் விடுகின்றனர். சார்ந்த பின்னரே அதன் பொருள் யாது என வினவுகின்றனர். பலர் வினவுவதும் இல்லை.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிறிஸ் மெசினா என்பார் டுவிட்டர் தளத்தில் ஒரு வழியை முன்மொழிந்தார். சொல்லின் முன் ஒரு குறியை இட்டால், அச்சொல்லை எழுதிய அனைவருடைய கருத்துகளும் ஒரே இடத்தில் திரளும் என்பதே அவ்வழி. ஹேஷ்டேக் எனப்படும் இக்குறிச்சொல், தொடக்கத்தில் செய்திகளைத் தொகுக்கும் கருவியாகவே இருந்தது. பின்னர் அரசியல் கிளர்ச்சியின் கொடியாக மாறிற்று. கொடி எழுந்தால் எதிர்க்கொடியும் எழுதல் இயல்பு. ஒரு குறிச்சொல்லை மற்றொரு குறிச்சொல் எதிர்த்து நின்ற போர்களுள், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2013ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்த ஒன்று தமிழாசிரியர் நுணுகி நோக்கத்தக்கது. அப்போரின் நடுவே கிடந்தது ஓர் இடைச்சொல். அதுவும் எழுதப்படாத இடைச்சொல்.

முழக்கத்தின் பிறப்பு

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் சான்போர்டு நகரில், திரேவான் மார்ட்டின் என்னும் பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனிடம் படைக்கலம் ஏதும் இல்லை. சுட்டவர் அக்குடியிருப்பின் காவல் தொண்டர். 2013ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்பைக் கேட்டு மனமுடைந்த அலிசியா கார்சா என்னும் பெண்மணி, தம் இன மக்கள்பால் அன்பு ததும்ப முகநூலில் ஒரு குறிப்பு எழுதினார். நம் உயிர்கள் பொருட்டானவை என்னும் கருத்தோடு அது முடிந்தது. அதனைக் கண்ட பேட்ரிஸ் கல்லர்ஸ் என்பார், அக்கருத்தைக் குறிச்சொல்லாக்கிப் பரப்பினார். ஓபல் டொமெட்டி என்பாரும் அவர்களுடன் இணைந்தார். ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்னும் மூன்று சொல் முழக்கம் இவ்வாறு பிறந்தது.

2014ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் நியூயார்க்கில் எரிக் கார்னர் என்பார் காவலர் பிடியில் மூச்சுத் திணறி இறந்தார். ஆகஸ்டு 9ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் பதினெட்டு வயது இளைஞன் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். இவ்விரு சாவுகளுக்கும் பின் முழக்கம் நாடெங்கும் பரவிற்று. அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் 2014ஆம் ஆண்டின் சொல்லாக அக்குறிச்சொல்லையே தேர்ந்தெடுத்தது. மொழியறிஞரும் அதனை ஒரு சொல்லாக மதித்தனர் என்பது கருதத்தக்கது.

தன்மையும் படர்க்கையும்

செய்யுளுக்குரிய உறுப்புகளாகத் தொல்காப்பியர் வகுத்தவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவும் உள்ளன. யார் கூறினார், யாரை நோக்கிக் கூறினார், எவ்விடத்து, எப்பொழுது, எதன்பொருட்டு, கூறாது விட்டது யாது என்னும் வினாக்களுக்கு விடை கண்டாலன்றிப் பாட்டின் பொருள் முற்றுப் பெறாது. ஈராயிரம் ஆண்டுகட்குக் குறையாப் பழமையுடையதாகக் கருதப்படும் நூலின் அவ்வளவுகோல், இக்காலக் குறிச்சொல்லுக்கும் பொருந்துவது வியப்பன்று. இரண்டும் சுருங்கச் சொல்லும் கலைகளே.

கார்சாவின் குறிப்பிற்குக் கூற்று அவருடையது. கேட்போர் அவர்தம் இனத்தார். களன் துயருற்றவர் கூடியிருந்த இடம். காலம் தீர்ப்பு வந்த பொழுது. துயருற்ற குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மற்றவரைத் தேற்றுவது போன்றது அது. அகத்தார்க்குச் சொன்ன சொல் என்பதற்கு அதில் அமைந்த ‘நம்’ என்னும் சொல்லே சான்று. அது கேட்போரையும் உளப்படுத்திய தன்மைப் பன்மை.

குறிச்சொல் ஆனவுடன் ‘நம் உயிர்கள்’ என்பது ‘கறுப்பர் உயிர்கள்’ என மாறிற்று. தன்மை படர்க்கையாயிற்று. ‘நம்’ என்பது ஒருவரைத் தழுவிக்கொள்ளும் சொல். ‘கறுப்பர்’ என்பது ஒரு சாராரைச் சுட்டும் சொல். அகத்திற் பிறந்தது புறத்திற்குச் சென்றபொழுது, அதன் கூற்றும் கேட்போரும் களனும் காலமும் கழன்று வீழ்ந்தன. குறிச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சொல் இல்லை. குரலின் ஏற்ற இறக்கம் இல்லை. காற்புள்ளிக்கும் அதில் இடமில்லை. தேற்றுதற்காகச் சொன்னதை அறியாத ஒருவர், இச்சொல் என்னை விலக்குகின்றதோ என ஐயுறுவதற்கு வாயில் இவ்விடத்தேதான் திறந்தது.

உம்மையா, ஏகாரமா?

‘மேட்டர்’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் பொருட்டாதல் என்பது மிகப் பொருந்தும். பெயராயின் பொருள் என்பது பொருள், வினையாயின் பொருட்டாதல். ஆகவே அவ்வினையை மொழிபெயர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை. இடர்ப்பாடு எழுவது எழுவாயில். ‘கறுப்பர் உயிர் பொருட்டாகும்’ என்று வெறுமையாய் எழுதினால், தமிழ்ச்செவிக்கு அத்தொடர் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நிற்பது போலத் தோன்றும். ‘கறுப்பர் உயிரும்’ என்பதா, ‘கறுப்பர் உயிரே’ என்பதா? தமிழ் தெளிவை வேண்டுகின்றது. ஆங்கிலமோ இரண்டிற்கும் இடம் கொடுத்து வாளா இருந்துவிட்டது.

உம்மைக்குத் தொல்காப்பியர் எண்வகைப் பொருள் கூறினார். அவற்றுள் ஒன்று எச்சம். ‘சாத்தனும் வந்தான்’ என்றால், கொற்றனோ பிறனோ வந்தமை சொல்லாமலே பெறப்படும். ‘கறுப்பர் உயிரும் பொருட்டாகும்’ என்றால், பிறர் உயிர் பொருட்டாதல் முன்னரே யாவரும் ஒப்பியது. அவ்வரிசையில் இவ்வுயிரையும் சேர்த்தல் வேண்டும் என்பது பொருளாகும். ஏகாரத்திற்கோ பிரிநிலை என்றொரு பொருள் உண்டு. ‘சாத்தனே வந்தான்’ என்றால் ஏனையோர் வரவில்லை. ‘கறுப்பர் உயிரே பொருட்டாகும்’ என்றால் ஏனையோர் உயிர் பொருட்டன்று.

முழக்கமிட்டோர் எண்ணியது எச்சவும்மை. எதிர்த்தோருள் பலர் படித்தது பிரிநிலை ஏகாரம். எழுத்தில் இரண்டும் இல்லை. அவரவர் மனத்தில் இருந்த இடைச்சொல்லை அவரவர் இட்டு நிரப்பிக்கொண்டனர். 2015ஆம் ஆண்டு அக்டோபரில் அதிபர் ஒபாமா இம்முழக்கத்திற்கு விளக்கம் கூறினார். பிறர் உயிர் பொருட்டன்று என்பது அதன் கருத்தன்று. கறுப்பின மக்களிடையே நிகழும் ஒரு தனித் துயரைச் சுட்டுவதே கருத்து என்றார். ஒரு நாட்டின் தலைவர் எச்சவும்மைக்கு உரை எழுத நேர்ந்தது எனலாம்.

இம்முழக்கத்திற்கு முன்னோடிகளும் உண்டு. 1787ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அடிமை முறையை எதிர்த்தோர் வெளியிட்ட முத்திரையில், விலங்கிடப்பட்ட ஒருவன் மண்டியிட்டு, தானும் மனிதனும் உடன்பிறந்தானும் அல்லனோ என வினவுவான். 1968ஆம் ஆண்டு மெம்பிசு நகரின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது ஏந்திய அட்டைகளில், நான் மனிதன் என்னும் கருத்தே எழுதப்பட்டிருந்தது. 1787இல் வினா, 1968இல் தேற்றம். மண்டியிட்டவன் எழுந்து நின்றான் என்பதனை வாக்கிய அமைப்பே காட்டுகின்றது. அவ்விரண்டிலும் கூறுவோன் தன்மையில் நின்றான். ஆகவே எவரும் ‘எல்லாரும் மனிதரே’ என எதிர் அட்டை ஏந்தத் துணிந்திலர் எனக் கருத இடமுண்டு. எதிரே நின்று ‘நான்’ என்பவனை மறுத்தல் கடினம்.

முற்றும்மையின் வழக்கு

‘ஆல் லைவ்ஸ் மேட்டர்’ என்னும் எதிர் முழக்கம் விரைவில் எழுந்தது. ‘எல்லா உயிரும் பொருட்டாகும்’ என்பது அதன் பொருள். இதிலுள்ள உம்மை முற்றும்மை. தனியே எடுத்து நோக்கின் இவ்வாக்கியத்தில் குற்றம் காண்பார் எவரும் இலர். அறநூல்கள் அனைத்தும் கூறுவது இதுவே. இதனைச் சொன்னோர் எல்லாரும் தீய நோக்குடையர் என்பதும் பிழை. 2015ஆம் ஆண்டு, அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மார்ட்டின் ஓமாலி என்பார், கறுப்பர் உயிரும் வெள்ளையர் உயிரும் எல்லார் உயிரும் பொருட்டே என ஒரு கூட்டத்தில் கூறினார்; கூடியிருந்தோர் சினந்தனர்; அவர் வருந்தி மன்னிப்புக் கேட்டார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல் புண்படுத்தியது யாங்ஙனம்?

விடை நம் இலக்கண நூல்களிலேயே உள்ளது. முற்றும்மை ஒரோவழி எச்சப் பொருளும் தரும் என்பது தொல்காப்பியர்க்கும் நன்னூலார்க்கும் உடன்பாடு. ‘எல்லாரும் வந்தார்’ என்பது முற்று. ‘எல்லாரும் வந்திலர்’ என்றாலோ, சிலர் வந்தனர், சிலர் எஞ்சினர் என்பது பொருளாகும். பெர்குசன் நகரின் தெருவில் நின்றோர் கூறியதும் இதுவே: எல்லா உயிரும் இங்கு மதிக்கப்படவில்லை. மதிக்கப்படாது எஞ்சிய உயிர் எது என்பதனைப் பெயர் சொல்லிச் சுட்டியதே அவர்தம் முழக்கம். அதற்கு விடையாக ‘எல்லா உயிரும் பொருட்டாகும்’ என்போர், நிகழவேண்டிய ஒன்றை நிகழ்ந்துவிட்டதாகக் கூறுகின்றனர். எஞ்சியது உண்டு என்னும் முறையீட்டை, எஞ்சியதே இல்லை என்னும் முற்று மூடிவிடுகின்றது.

மற்றுமொன்று நோக்கத்தக்கது. ‘எல்லா உயிரும்’ என்னும் முழக்கம் யாதேனும் ஓர் உயிர் மாய்ந்தமைக்காகத் தானே எழுந்ததன்று. மற்றொரு முழக்கத்திற்கு விடையாகவே அது எழுந்தது. உண்மையான முற்று, தன்னுள் அடங்கிய பகுதியை மறுக்காது. பகுதியைப் பேசும்பொழுது மட்டும் வாய் திறக்கும் முற்று, பகுதியை மறைப்பதற்கே பயன்படும். வாக்கியம் மெய்யாயினும் காலமும் களனும் அதனைப் பொய்ப்படுத்தக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நீலம் என்னும் நிறம்

2014ஆம் ஆண்டு திசம்பர் 20ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் காவலர் இருவர் தம் வண்டியில் அமர்ந்திருந்தபொழுது சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர் சீருடையின் நிறத்தைக் கொண்டு ‘புளூ லைவ்ஸ் மேட்டர்’ என்னும் மூன்றாம் முழக்கம் பெருகிற்று. இறந்த காவலர்தம் குடும்பத்தின் துயர் மெய்யான துயரே. அதனை எள்ளுதல் அறமன்று. ஆயினும் திறனாய்வு நோக்கில் இரண்டு வேறுபாடுகள் உள. நீலம் உடுத்தும் நிறம். கறுப்பு உடலோடு பிறந்த நிறம். சீருடை களைந்தால் நீலம் நீங்கும். மேலும், காவலரைக் கொன்றோர்க்குக் கடுந்தண்டனை முன்பிருந்தே சட்டத்தில் இருந்தது. அவ்வுயிர் பொருட்டன்று என எந்த நடுவர் மன்றமும் ஐயுற்றதில்லை. ஆகவே ‘நீலச் சீருடையோர் உயிரும்’ என்பதில் உம்மைக்கு வேலை குறைவு. இருப்பினும் 2016ஆம் ஆண்டு மே மாதம் லூசியானா மாநிலம், வெறுப்புக் குற்றச் சட்டத்தில் காவலரையும் சேர்த்துச் சட்டம் இயற்றிற்று. குறிச்சொல் சட்டமாகும் அளவிற்கு வலிமை பெற்றுவிட்டது.

இப்பூசலில் இன்னொரு கை இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. உருசிய நாட்டின் இணைய ஆய்வு முகமை என்னும் நிறுவனம், கறுப்பின உரிமை பேசும் முகநூல் பக்கத்தையும், காவலரைப் போற்றும் பக்கத்தையும் தானே நடத்தியமை 2017ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் வெளியாயிற்று. நாடகத்தில் இரு பாத்திரங்கட்கும் ஒரே ஆசிரியர் உரையாடல் எழுதுவது போன்றது இது. கூற்று யாருடையது என வினவாமல் முழக்கத்தைப் படிப்போர்க்கு நேரும் இடர் இதுவாம்.

எண்ணிக்கையும் கருத்தும்

பொதுமக்கள் கருத்து எப்பக்கம் என்பதனைக் குறிச்சொற்களை எண்ணி அறியலாமா? பியூ ஆய்வு மையம் எண்ணிப் பார்த்தது. 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2016 மார்ச்சு வரை ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ டுவிட்டரில் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் முறை எழுதப்பட்டது. ‘ஆல் லைவ்ஸ் மேட்டர்’ ஏறத்தாழ 15 இலட்சம் முறை. முன்னது எட்டு மடங்கு. ஆனால் 2015 ஆகஸ்டில் ரஸ்முசன் நிறுவனம், இவ்விரண்டினுள் தம் கருத்திற்கு அணுக்கமானது எதுவென அமெரிக்க வாக்காளரை வினவியபொழுது, 78 விழுக்காட்டினர் ‘எல்லா உயிரும்’ என்றனர். 11 விழுக்காட்டினரே ‘கறுப்பர் உயிர்’ என்றனர். இணையத்தில் சிறுபான்மையானது வீட்டில் பெரும்பான்மையாய் நின்றது.

எனினும் அவ்வினாவையும் ஆராய்தல் வேண்டும். ‘எது அணுக்கம்’ என்னும் வினா, இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என முன்னரே முடிவு செய்துவிட்டது. உம்மையை நீக்கி ஏகாரத்தை இட்டே அவ்வினா மக்கள் முன் வைக்கப்பட்டது. பியூ மையம் வேறு வகையாக, இவ்வியக்கத்தை ஆதரிக்கின்றீர்களா என வினவிற்று. 2016இல் 43 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிசு நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்பார் காவலரின் முழங்காலடியில் உயிர் துறந்த பின், சூன் மாதத்தில் அது 67 விழுக்காடாயிற்று, செப்டம்பரில் 55 ஆகக் குறைந்தது, 2023இல் 51. மக்கள் கருத்து ஏறி இறங்கும் கடலலை. குறிச்சொல் அதன்மேல் மிதக்கும் நுரை. நுரையை அளந்து கடலின் ஆழம் கூறுதல் இயலாது.

நுரை ஏமாற்றவும் செய்யும். 2020 மே 28ஆம் நாள் ஒன்றில் மட்டும் அக்குறிச்சொல் ஏறத்தாழ 88 இலட்சம் டுவிட்டர் பதிவுகளில் இடம் பெற்றது. சூன் 2ஆம் நாள் ஆதரவாளர் பலர் வெறுங்கருப்புக் கட்டங்களை அதே குறிச்சொல்லோடு வெளியிட்டனர். கிளர்ச்சியாளர்க்கு வேண்டிய செய்திகள் அக்கருப்பில் புதைந்தன. குறிச்சொல்லைப் பயன்படுத்தற்க என அமைப்பாளர்களே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அடுத்த நாள், ‘வெள்ளையர் உயிர்’ என்னும் எதிர்க்குறிச்சொல் முன்னணிக்கு வந்தது. திறந்து பார்த்தோர் கண்டது கொரியப் பாடகர்களின் ஆடல் காட்சிகளை. அவர்தம் இரசிகர்கள் அக்குறிச்சொல்லை வேண்டுமென்றே நிரப்பியிருந்தனர். அன்பர் கூட்டம் ஒரு சொல்லை மூச்சடைக்கச் செய்தது. பகைவர் கூட்டம் மற்றொரு சொல்லைத் தூக்கி நிறுத்திற்று. எண்ணிக்கை இரண்டையும் ‘ஆதரவு’ என்றே கணக்கிடும்.

காவல்துறைக்கு நிதியை நிறுத்துக என்னும் பொருள்பட அதே ஆண்டு எழுந்த முழக்கமும் எச்சத்தால் இடருற்றது. நிதியில் ஒரு பங்கை நலப்பணிக்கு மாற்றுதல் என்றனர் சிலர். காவல்துறையே வேண்டா என்றனர் வேறு சிலர். 2021 நவம்பர் 2ஆம் நாள், பிளாய்டு இறந்த அதே நகரில், காவல்துறைக்கு மாற்றாகப் புதிய துறை அமைப்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். குறிச்சொல் தயங்காது சொன்னதை வாக்குச்சீட்டு தயங்கி மறுத்தது.

‘ஜுகா’ என்னும் சொல்

உம்மையை வெளிப்பட எழுதியிருந்தால் பூசல் எழுந்திராது எனச் சிலர் கருதலாம். அக்கருத்திற்கு மலேசியாவிலேயே ஒரு சோதனை உண்டு. 2020 மே முதல் நாள், பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஆவணமற்ற வெளிநாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டனர். அதனை எதிர்த்தோர் இணையத்தில் எழுப்பிய முழக்கம் ‘மிக்ரான் ஜுகா மனுசியா’ என்பது. ‘குடியேறிகளும் மனிதரே’ எனத் தமிழாக்கலாம். மலாய் மொழியின் ‘ஜுகா’ தமிழின் எச்சவும்மையே. மயங்குவதற்கு அங்கு இடமில்லை. ஆயினும் குடியேறிகளுக்கும் ரொகிஞ்சா அகதிகளுக்கும் எதிராக அந்நாள்களில் இணையத்தில் பெருகிய கடுஞ்சொல்லை அவ்விடைச்சொல் தடுத்து நிறுத்திற்றில்லை.

ஆகவே இலக்கணத்தின் எல்லையையும் ஒப்புதல் வேண்டும். அறியாமையால் ஏகாரம் படித்தவர்க்கு உம்மை தெளிவு தரும். விரும்பியே ஏகாரம் படிப்பவர்க்கு எந்த இடைச்சொல்லும் பயன்படாது. இருவரையும் ஒருவராகக் கருதிச் சினப்பதும், இருவரையும் ஒருவராகக் கருதி மன்னிப்பதும் பிழையே. அவர்களை வேறுபிரித்து அறிவதற்கேனும் இலக்கணம் உதவும்.

வகுப்பறையின் கடமை

2020 சூன் 5ஆம் நாள் வாஷிங்டன் நகரில், வெள்ளை மாளிகையை நோக்கிச் செல்லும் தெருவில், அம்மூன்று சொற்களும் பெரிய மஞ்சள் எழுத்துகளால் தீட்டப்பட்டன. 2025 மார்ச்சு மாதத்தில் அவ்வெழுத்துகளைப் பெயர்த்தெடுக்கும் பணி தொடங்கிற்று. தெருவில் எழுதியதை அரசு எழுதவும் கூடும், அகற்றவும் கூடும். எழுதப்படாத உம்மை எழுதப்படாமலே நிற்கின்றது. அதனை இட்டு நிரப்புவது படிப்போர் பொறுப்பாகவே இருந்துவருகின்றது.

உம்மையின் எட்டுப் பொருளையும் ஏகாரத்தின் வகைகளையும் மாணாக்கர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இவ்விலக்கணம் எதற்கு என அவர்கள் வினவும்பொழுது, பல ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் தவிர வேறு விடை கூற இயலாது திகைக்கின்றனர். விடை அம்மாணாக்கரின் கைப்பேசியிலேயே உள்ளது. நாளை அவர்கள் ஒரு குறிச்சொல்லைக் காணும்பொழுது, இது யார் கூற்று, யாரைக் கேட்போராகக் கொண்டது, எக்காலத்து எழுந்தது, இதில் எஞ்சி நிற்பது யாது, நான் இங்கு இடுவது உம்மையா, ஏகாரமா எனத் தம்மைத் தாமே வினவிப் பழகல் வேண்டும். அவ்வாறு வினவுதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு முழக்கத்தைப் பிறர்க்கு அனுப்புவதற்கு முன் அவ்வொரு நிமிடம் தயங்கும் மாணாக்கனை உருவாக்குதல் தமிழாசிரியர் கையில் உள்ளது.